பின்னறைத் தண்ணீர்

குறைந்திருக்கவேண்டிய தண்ணீர் ஒரு விரற்கடை கூடியிருந்தது.

பொன்னுரங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். நேற்றுக் காலையில் அவரே ஸ்கேல் வைத்துத் தொட்டியின் முதுகுக் கண்ணாடியில் இழுத்த நீலக் கோடு இன்று தண்ணீருக்கு அடியில் கிடந்தது. தொட்டியைப் பொருத்திய சைஃப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: கடல் மீன் தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், முன்பக்கம் எப்போதும் ததும்ப நிற்கும், குறைவதெல்லாம் பின் தடுப்பில்தான் தெரியும், தினமும் அங்கே ஒரு சொம்பு நல்ல தண்ணீர் விட்டுச் சரிக்கட்டவேண்டும். சரிக்கட்டுவதற்காகக் கொண்டுவந்த சொம்பு அவர் கையில் நிறைந்திருந்தது. தொட்டிக்கு அது தேவைப்படவில்லை.

வீடு தியாகராய நகரில், பாண்டி பஜாரின் இரைச்சல் பாதி வடிந்து வந்துசேரும் ஒரு கிளைத் தெருவில், மூன்றாவது மாடி. வாசலில் கருங்கல் பெயர்ப்பலகை: பொன்னுரங்கம், எம்.ஏ., எம்.ஃபில்., இணை இயக்குநர் (ஓய்வு). எந்தத் துறை என்று கல்லில் இல்லை. போட்டால் எழுத்தின் பொலிவு குறையும் என்று விட்டுவிட்டார். அதற்குக் கீழே புதிதாகச் செதுக்கிய வரி: தலைவர், நற்சிந்தனை மன்றம். மன்றத்தில் பதினாறு பேர். வீட்டுக்கு வருவதாக ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோரும் சொன்னார்கள். அவர் தலைவரான நாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. சோபாவின் மேல் போட்டிருந்த வெள்ளை உறை பதினொரு மாதமாகக் கசங்கவில்லை.

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து, அந்தத் திறப்பில் நாலடித் தொட்டியைச் சொருகியிருந்தார்கள். கூடத்திலிருந்து பார்த்தால் தேக்குச் சட்டத்துக்குள் ஒரு துண்டு கடல்: வெள்ளை மணல், ஊதாக் கற்கள், நேற்று வந்த இரண்டு கோமாளி மீன்கள். விரல் விரலாக அசையும் கடல்சாமந்திக்குள் குடியிருக்கும் இனம்; சாமந்தி இன்னும் வந்துசேரவில்லை. மீன்களுக்குப் பின்னால் கறுப்புப் பலகை. பலகையின் மேல்விளிம்பில் சீப்பின் பற்களைப் போல நெருக்கமான இடுக்குகள். அழுக்குத் தண்ணீர் அவற்றின் வழியாக வழிந்து பலகைக்குப் பின்னாலுள்ள ஒடுக்கமான தடுப்புக்குள் இறங்கும். வடிகட்டும் பஞ்சு, நுரை பிரிக்கும் குழாய், பம்ப் எல்லாம் அங்கே. அந்தத் தடுப்பு பின்னறைப் பக்கம் திறந்திருக்கும். கழுவுவது, துடைப்பது, கை விடுவது எல்லாம் அங்கிருந்துதான்.

"முன்னாடி ஷோரூம் சார். சமையக்கட்டு, கக்கூஸு எல்லாம் பின்னாடி. வர்றவங்க கண்ணுக்கு ஒண்ணியும் தெரியாது," என்று சைஃப் விளக்கியபோது பொன்னுரங்கத்துக்கு அந்தத் தத்துவம் உடனே பிடித்துப்போயிற்று. வீட்டையே அவர் அப்படித்தான் நடத்திவந்தார்.

கடல் அங்கிருந்து ஆட்டோ தூரம். ஆனாலும் சுத்திகரித்த தண்ணீரில் வெளிநாட்டு உப்பைத்தான் கரைக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நம்ம கடல்ல கண்டதும் கிடக்கும்ப்பா" என்று, கடலை நாட்காட்டிப் படத்தில் மட்டும் பார்த்தவரைப் போல முகத்தைச் சுளித்தார். யாராவது சொந்த ஊர் கேட்டால் "மயிலாப்பூர்" என்பார். பொய் இல்லை. மயிலாப்பூரிலிருந்து கிழக்கே நடந்து, சாந்தோம் சாலையைத் தாண்டி, மணல் தொடங்கும் இடத்துக் குப்பத்தில் பிறந்தவர். அந்தக் கடைசி அரை மைலை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

இத்தனையும் மன்றத்துக்காக இல்லை. மகள் மேகலாவுக்காக. அடையாறில் இருப்பவள், தன் அத்தை செத்த நாளிலிருந்து இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. போன் செய்தால் "ம்", "சரி", "வைக்கட்டா". போன வாரம் தொட்டியைப் படமெடுத்து அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: *ஸஹானா மீன் பாக்கணும்ங்கறா. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வரோம்.* ஸஹானா பேத்தி, ஐந்து வயது, கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு முன்பல் விழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு வரியைப் பொன்னுரங்கம் தினமும் எடுத்துப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகப் போனால் அவர்கள் மறுபடி வருவார்கள். போகாவிட்டால் இந்த வீட்டில் அவரும், உறை கலையாத சோபாவும்தான்.

இன்று வெள்ளி. தண்ணீர் கூடியிருந்தது. கூடவே ஒரு வாசனை. உப்பும் பாசியும் மட்டுமில்லை. விடியற்காலையில் வலையை மணலில் உதறும்போது எழுமே, ஈரக் கயிறும் நண்டு ஓடும் வெயில் படாத மீனும் கலந்த வாசனை, சின்ன வயதில் சட்டையில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனை நகர்ந்து உட்காரவைத்த அந்த வாசனை. நாற்பது வருடம் பவுடரும் சென்ட்டும் போட்டுத் துரத்தியது, பின்னறையின் நடுவில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் தட்டல் கேட்டது. தடுப்புக்குள்ளிருந்து. டொக், டொக், டொக். ஒரு மூச்சு நேரம் மௌனம். டொக்.

சைஃப் மத்தியானம் வந்தான். பம்ப்பைக் கழற்றி ஊதினான், உப்புமானியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னா சார், உப்பு இம்மாம் தூக்கலா கீது? கடல் தண்ணி கொண்டாந்து ஊத்துனீங்களா?"

"நானா? கடல் தண்ணியா?"

"கோச்சுக்காதீங்க. கேட்டேன்." நுரை சேரும் கிண்ணத்தைத் திருகி எடுத்தான். நேற்று வந்த இரண்டு பொடி மீன்களுக்கு அதில் ஒரு துளி அழுக்குக்கூடச் சேரக் கூடாது. கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. செக்கச் சிவந்த குழம்பு. சைஃப் மோந்து பார்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தான். "வெத்தலை, பொகையெலை நாத்தம் வருது சார். ஊட்ல யாரு போடுவாங்க?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கேன்."

பஞ்சைப் பிழிந்தபோது அவன் உள்ளங்கையில் ஏதோ ஒட்டியது. கட்டைவிரல் நகத்தளவு, கண்ணாடி மாதிரி, ஓரத்தில் வெள்ளிப் பூச்சு. "இது செதிலு. இந்த ரெண்டு பொடிசுக்கும் இவ்ளோ பெருசு ஏது?"

"கொடுவா," என்றார் பொன்னுரங்கம். வாய் முந்திக்கொண்டது.

"அட! சாருக்கு மீனெல்லாம் அத்துப்படி போலகீதே!"

"எங்கேயோ படிச்சது."

கிளம்பும்போது சைஃப் பின்னறைக் கதவருகே நின்றான். "இன்னா சார், கொண்டி வெளிப்பக்கம் போட்டு வச்சிகிறீங்க? உள்ள யார வச்சுப் பூட்டுவீங்க?" சிரித்தான். தன் பகடிக்குத் தானே சிரிக்கும் ஆள்.

"ஸ்டோர் ரூம்ப்பா."

"அதான பாத்தேன். அந்த டொக்குடொக்கு ஒண்ணியும் பயமில்ல சார். பம்ப்புல காத்து மாட்டிகினா அப்டி வரும். மோட்டார் சத்தம்."

அந்த இரண்டு சொற்களை இந்த வீட்டில் முதலில் சொன்னது பொன்னுரங்கம்தான்.

கெங்கம்மா அவருடைய அக்கா. அம்மா போன பிறகு அலுமினியக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்று அவரை எம்.ஏ. வரை படிக்கவைத்தவள். கூவி விற்கமாட்டாள். கையிலிருந்த வெள்ளிக் காப்பால் கூடை விளிம்பில் தட்டுவாள்: மூன்று தட்டு, நிறுத்தி ஒன்று. வாங்குகிற வீடுகள் கதவைத் திறக்கும். பொன்னுரங்கத்தின் மனைவி இறந்தபோது கூடையை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாள்; கைக்குழந்தை மேகலாவைத் தோளில் போட்டு வளர்த்தாள். அவளிடம் ஒரே குறை. வாயைத் திறந்தால் குப்பம் வெளியே வந்துவிடும். ஆகவே விருந்தாளி வரும்போதெல்லாம், "அக்கா, கொஞ்ச நேரம் உள்ளே இரேன்."

"நான் இன்னாடா பண்ணிட்டேன் நைனா? வாயத் தொறக்காம ஓரமா குந்திகினு கீறேன்."

ஒருநாள் அப்படிக் குந்தியிருக்க முடியாமல், வந்திருந்த பேராசிரியரிடம் போய், "இவன் சின்னப் புள்ளையில என் கூடைக்குப் பின்னாலயே வால் புடிச்சிகினு மாடவீதி பூரா சுத்துவான்," என்று பெருமையாகச் சொன்னாள். மறுநாள் பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி வந்தது.

தலைவர் பதவியைத் தரும் நாளன்று மன்றத்தார் ஆறு பேர் வந்தார்கள். பின்னறையிலிருந்து தட்டல் கேட்டது. ஒரு பெரியவர் காதைத் திருப்பினார். "மோட்டார் சத்தம். வேறொண்ணும் இல்லை," என்றார் பொன்னுரங்கம். நடுவில் மேகலா போன் செய்தாள், அவளும் அது என்ன சத்தம் என்று கேட்டாள், அவளிடமும் அதையே சொன்னார். இரண்டாவது காபி வந்தது. தட்டல் நின்றது. பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் போனபின் கொண்டியை நீக்கினார். கதவு திறக்கவில்லை, உள்ளே ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. மேகலாவிடம் தூக்கத்தில் போய்விட்டாள் என்றார்.

சனிக்கிழமை காலை தண்ணீர் இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது. சொம்பால் மொண்டு வாளியில் விட்டார். மொண்ட அளவுக்கு மறுபடி வந்தது. கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். கோமாளி மீன்கள் இரண்டும் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கறுப்புப் பலகைக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் நின்றன. போட்ட தீனி அவற்றின் முகத்தெதிரே மிதந்துபோய், இடுக்குகளுக்குள் ஒவ்வொன்றாக, யாரோ பொறுக்கி எடுப்பதைப் போல மறைந்தது.

பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினார். இரைச்சல் அடங்கியது. கூடத்துக் கடிகாரம் கேட்டது. கீழே தெருவில் ஒருவன் கொய்யா விற்றுக்கொண்டு போனான்.

டொக், டொக், டொக்.

டொக்.

பிளக்கை மறுபடி செருகினார். சத்தத்துக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.

சாயங்காலம் மேகலா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது பதினொரு மாதத்தில் முதல் முறை. "ஸஹானா மீனுக்கு இப்பவே பேர் வச்சிட்டாப்பா. ஒண்ணு இட்லியாம், ஒண்ணு..." நிறுத்தினாள். "என்னப்பா அது? பின்னால."

"மோட்டார் சத்தம்மா."

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன," என்றாள். "நாளைக்கு வரேன். மீனு அவ பாக்கட்டும். நான் அத்தை இருந்த ரூமைப் பாக்கணும். கதவப் பாக்கணும். அதுக்கப்புறம் வர்றதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

கொண்டியைக் கழற்றிவிடவேண்டும். அவ்வளவுதான். நாலு ஸ்குரூ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்புளியோடு உட்கார்ந்தார். மூன்று வருடத்துப் பித்தளை, கடல் காற்றே எட்டாத மூன்றாவது மாடியில், படகின் அடிப்பட்டைபோல உப்புப் பூத்துக் கிடந்தது. ஸ்குரூத் தலைகள் பச்சைக் களிம்பில் புதைந்திருந்தன. திருகினார். திருப்புளி வழுக்கி விரலைக் கிழித்தது. ஆசாரிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆசாரி எடுப்பான்? சாண்ட் பேப்பரால் தேய்த்தார். கொண்டி பளபளத்தது. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

ஐந்தரைக்குக் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, மன்றம் போட்ட மோதிரத்தை அணிந்துகொண்டார். மேகலாவிடம் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார். "அக்காவோட பாதுகாப்புக்காகத்தாம்மா..." நன்றாக வந்தது. குரலில் ஒரு தழுதழுப்பு சேர்த்துப் பார்த்தார். அதுவும் நன்றாக வந்தது.

அப்போது கால் நனைந்தது.

பின்னறை வாசலிலிருந்து கூடத்துக்குத் தண்ணீர் மெல்லிய நாக்காக நீண்டுகொண்டிருந்தது. அவர்கள் வந்துசேர இன்னும் இருபது நிமிடம் இருக்கலாம். வாளியும் சொம்புமாக உள்ளே ஓடினார். பின் தடுப்பு விளிம்பு வழிந்து, கண்ணாடியில் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது, அதில் மணல் சுழன்றது, அவர் வாங்கிய வெள்ளை மணல் இல்லை, பழுப்பு மணல். மொண்டார். ஊற்றினார். மொண்டார். ஈர வாசனை தொண்டைவரை இறங்கி அடைத்தது. வெற்றிலை. புகையிலை. முதுகுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ சிரமப்பட்டு எழுந்து நிற்பதுபோல முழங்கால் ஒன்று நெட்டி முறிந்தது.

திரும்பவில்லை.

ஈரப் பாதம் அவரைத் தாண்டிப் போனது. சளக். சளக். நிதானமான நடை.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழுந்தது. பளபளவென்று தேய்த்த கொண்டி. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"யாரு?" என்றார்.

கதவை இழுத்தார். தோளால் இடித்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது; கதவடியில் இப்போது ஒரு சொட்டும் வெளியேறவில்லை.

வாசல் மணி அடித்தது.

"மேகலா!" கத்தினார். வாயிலிருந்து வந்தது ஒரு நீண்ட உறுமல். பம்ப்பின் உறுமல். மறுபடி கத்தினார். அதே உறுமல், கொஞ்சம் பெரிதாக.

தொட்டிக்கு ஓடினார். மேலே தேக்குப் பலகை மூடியிருந்தது. தடுப்பின் கலங்கலுக்கு அப்பால் கறுப்புப் பலகை, அதன் இடுக்குகள். இடுக்குகளுக்கு அப்பால் நீலத் தண்ணீர். அதற்கும் அப்பால், அசைந்து அசைந்து, அவருடைய கூடம். கண்ணைக் கண்ணாடியில் பதித்தார்.

வாசல் கதவை யாரோ திறந்துவிட்டுத் திரும்பிவந்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவருடைய நடை இல்லை. அவருடைய முதுகு. அது வந்து சோபாவின் வெள்ளை உறைமேல் ஒரு காலை மடக்கி வைத்துக் குந்தியது. முகத்தைத் திருப்பியது. அவர் முகம்தான். நெற்றியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடுகள் சிவந்திருந்தன.

"வா கண்ணு. இன்னா, இம்மாம் நாளா ஆளையே காணோம்?"

மேகலா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னப்பா... அத்தை மாதிரியே பேசற?"

"பின்ன? அவ வளத்த புள்ளதானே நானு. குப்பத்துல பொறந்தவன் வேற எப்டி பேசுவான்?"

அவள் முகம் உடைந்தது. பதினொரு மாதம் உடைந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அந்த ஈரத் தோளில் சாய்ந்து அழுதாள். அது அவள் தலையைத் தடவியது. அவர் தன் மகளின் தலையைக் கடைசியாக எப்போது தடவினார் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

இடுப்புவரை தண்ணீர்.

மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினார். டொக், டொக், டொக். ஒரு மூச்சு நேர இடைவெளி. டொக். அப்படித் தட்டவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கை அப்படித்தான் தட்டியது.

ஸஹானா தொட்டிப் பக்கம் திரும்பினாள். "தாத்தா, அது என்ன சத்தம்?"

மேகலாவும் நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். பின்னறைக் கதவு இருக்கும் பக்கம் அவள் தலை திரும்பியது. பொன்னுரங்கம் தட்டினார். தட்டினார். இங்கே பாரம்மா. கதவைப் பாரம்மா. நீ அதைத்தானே பார்க்க வந்தாய்.

"மோட்டார் சத்தம் கண்ணு," என்றது சோபாவில் இருந்தது. "வேற ஒண்ணியும் இல்ல."

இந்த முறை மேகலா நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் காபி போடறேன்ப்பா," என்று எழுந்தாள். சிரித்தபடி.

மார்வரை. குளிர் இல்லை. வெதுவெதுவென்று, மே மாதக் கரையோரத் தண்ணீர்.

பின் தடுப்புக்குள் கையை விட்டார். பஞ்சு. குழாய். பலகை. இடுக்குகளைத் தடவிக் கண்டுபிடித்தார். விரல் நுழையாத இடுக்குகள்.

நுழைந்தன.

எலும்பில்லாததுபோல, ஒவ்வொன்றாக, வலியே இல்லாமல்.

மறுபக்கம் நீல வெளிச்சத்தில் தன் நான்கு விரல்களையும் பார்த்தார். வெளுத்து, ஊறி, நுனியில் மெல்லச் சுருண்டு விரிந்து, ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றில் மோதிரம் மின்னியது. கோமாளி மீன்கள் இரண்டும் மூலையைவிட்டு நகர்ந்து, தயங்கித் தயங்கி வந்து, அவற்றுக்கு நடுவே புகுந்து படுத்துக்கொண்டன.

ஸஹானா மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினாள். விழுந்த பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தாள்.

"தாத்தா! பூ! அசையுது!"

"அதுக்கும் பசிக்கும் கண்ணு," என்றது பின்னாலிருந்து குரல். "கொஞ்சமா போடு."

குழந்தை முக்காலிமேல் ஏறி, மேல்பலகையைத் தூக்கி, தீனி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, அந்த விரல்களின்மேல் பொறுமையாகத் தூவத் தொடங்கினாள்.